உம்மாவின் தமிழும் ஊராரின் ஜேர்மனும்

வெளிநாடு என்றதும் எமது வீடுகளில் நீண்ட காலமாக ஓர் அர்த்தம்தான் இருந்து வந்தது. சவூதி, குவைத், கட்டார், டுபாய். வாப்பா போவார், சில வீடுகளில் உம்மா போவார். பிள்ளைகள் உம்மும்மாவோடு ஊரில் இருப்பார்கள். குடும்பத்தோடு போனவர்களும் பிள்ளைகளை அங்குள்ள ஆங்கில மொழிப் பாடசாலைகளில்தான் பெரும்பாலும் சேர்த்தார்கள். பத்து வருடம் ரியாதில் இருந்துவிட்டு வந்த பிள்ளைக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். ஆனால் கடையில் நின்று அரபியில் நாலு வார்த்தை கதைக்கத் தெரியாது. அது ஒரு குறையாக யாருக்கும் படவுமில்லை. என்றோ ஒரு நாள் திரும்பி வருவதுதானே ஏற்பாடு?

ஐரோப்பா அப்படியல்ல. அங்கு குடும்பமாகப் போகும் ஒருவரின் பிள்ளை அந்நாட்டுப் பாடசாலைக்குத்தான் போகும். அந்நாட்டு மொழியில்தான் படிக்கும், சண்டை பிடிக்கும், கூட்டாளி சேர்க்கும், பிற்காலத்தில் தொழிலும் தேடும். வீட்டிலுள்ள எல்லோரிலும் முதலில் அந்த மொழியின் முன்னால் தனியாகப் போய் நிற்பது நான்கு வயதுப் பிள்ளைதான். அந்தப் பிள்ளையின் கையில் என்ன கொடுத்து அனுப்புவது என்பதே இக்கட்டுரையின் விஷயம். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு முறை உண்டு. எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பதை விட ஒரு நாட்டை எடுத்துக் கொள்வது நல்லது. 1983 ஜூலைக் கலவரத்தின் பின் இலங்கைத் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையாகக் குடியேறிய நாடு சுவிட்ஸர்லாந்து. எம்மவர்கள் அங்கு மிகச் சிலரே. என்றாலும் இருக்கிறார்கள், இனியும் போவார்கள். மொழி விஷயத்தில் அந்த நாட்டைப் போலச் சிக்கலானது வேறு இல்லை என்பதால், அங்குள்ள தாய்க்குச் சொல்வது நோர்வேயிலோ இத்தாலியிலோ உள்ள தாய்க்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எந்த மொழி?

சுவிட்ஸர்லாந்தில் நான்கு தேசிய மொழிகள். ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ். எல்லோரும் நான்கையும் கதைப்பதில்லை. சூரிச், பேர்ன், பாஸல் என்றால் ஜேர்மன். ஜெனீவா, லவுசான் என்றால் பிரெஞ்சு. லுகானோ என்றால் இத்தாலியன். கணவருக்கு வேலையும் வீடும் எந்த ஊரில் என்பதைப் பொறுத்தே பிள்ளையின் மொழி. ஆகவே பயணத்திற்கு முன் அவசரப்பட்டு ஏதோவொரு மொழிப் புத்தகத்தை வாங்கிப் பிள்ளையைப் போட்டு வருத்தாமல், போகும் ஊர் எது என்று முதலில் உறுதி செய்து கொள்ளுங்கள். சனத்தொகையில் அறுபது வீதத்துக்கு மேற்பட்டோர் ஜேர்மன் பகுதிக்காரர் என்பதால் அந்தப் பக்கத்தையே இங்கு எடுத்துக் கொள்வோம்.

அங்கு ஜூலை 31ஆம் திகதிக்குள் நான்கு வயது பூர்த்தியான பிள்ளை, பெரும்பாலான மாநிலங்களில், அவ்வருட ஓகஸ்டில் கிண்டர்கார்டனுக்குப் போக வேண்டும். இரண்டு வருடம். எமது முன்பள்ளி மாதிரி விரும்பினால் அனுப்பலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்றில்லை; அநேக மாநிலங்களில் அது கட்டாயக் கல்வியின் ஒரு பகுதி. கட்டணமில்லை. ஆனால் எமது தாய்மார் எதிர்பார்க்கும் அ, ஆ, 1, 2 எதையும் அங்கு முறையாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. விளையாட்டு, வட்டமாக இருந்து பாட்டு, கத்தரிக்கோலால் கடதாசி வெட்டுதல், காட்டுக்குப் போய்க் குச்சி பொறுக்குதல். “பிள்ளை ஒண்டும் படிக்கல்ல” என்று இங்கிருந்து போன தாய் கவலைப்படுவாள். அந்த விளையாட்டு முழுவதும் மொழிப் பாடம்தான் என்பது அவளுக்குப் போகப் போகத்தான் விளங்கும்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றி உள்ளே போடும் மெதுமையான பாதணியை அணிய வேண்டும். அதற்கு ஃபிங்கன் என்று பெயர். ஒன்பது மணிக்கு ஒரு சிறு தீன். அதற்கு ஸ்னூனி என்று பெயர். ஒன்பது என்ற சொல்லிலிருந்து வந்தது. பழத்துண்டு, கரட், பாண் துண்டு போன்றவற்றைத்தான் கட்டிக் கொடுக்கச் சொல்வார்கள். இனிப்புப் பண்டம் கூடாது. கழுத்தில் இரவில் மின்னும் முக்கோணப் பட்டியை மாட்டிக் கொண்டு, சில வாரம் போனதும், பிள்ளை தனியாகவோ கூட்டாளிகளோடோ நடந்து போகப் பழக வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையைத் தெருவில் தனியே விடுவதா என்று எமக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் அந்தப் பாதையில்தான் பிள்ளை மொழியின் பாதியைப் பொறுக்கி எடுக்கிறது. கூட்டாளியோடு நத்தையைப் பார்த்துக் கொண்டு நிற்கும் பத்து நிமிடத்தில் கிடைக்கும் சொற்கள் எந்த வகுப்பிலும் கிடைப்பதில்லை.

கிண்டர்கார்டனுக்கு முன்பே ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளைகளை வாரத்தில் ஓரிரு நாள் இரண்டு மூன்று மணித்தியாலம் சேர்த்து விளையாட விடும் இடங்கள் ஊர் தோறும் இருக்கின்றன. ஷ்பீல்குருப்ப என்பார்கள். கட்டணம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குப் பல இடங்களில் நகர சபை உதவும்; கேட்டால்தான் தெரியும். பாஸல் நகர மாநிலம் 2013 முதல் ஒரு படி மேலே போய், ஜேர்மன் போதாத பிள்ளைகள் கிண்டர்கார்டனுக்கு முந்திய ஒரு வருடம் வாரத்தில் குறைந்தது இரண்டு அரைநாளாவது இப்படியான ஓரிடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று விதித்தது. பிள்ளையின் மொழி எப்படி என்று கேட்டுப் பெற்றோருக்கு ஒரு கேள்விக்கொத்து வரும். அதற்குப் பயந்து “எங்கட பிள்ளைக்கு நல்லா ஜேர்மன் தெரியும்” என்று நிரப்பிவிடாதீர்கள். நட்டம் பிள்ளைக்குத்தான்.

இரண்டு ஜேர்மன்

சுவிட்ஸர்லாந்தின் ஜேர்மன் ஒன்றல்ல, இரண்டு. வீட்டிலும் தெருவிலும் கதைப்பது சுவிஸ் ஜேர்மன். ஊருக்கு ஊர் மாறுபடும் பேச்சு வழக்கு. எழுதுவதும் வாசிப்பதும் செய்தியில் கேட்பதும் ஹோஹ்டொய்ச் எனப்படும் எழுத்து ஜேர்மன். வெளியூர்க்காரர் பலருக்கு இது பெரிய தலையிடி. எமக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. “நான் பள்ளிக்கூடத்துக்குப் போறன்” என்று கதைத்துவிட்டு “நான் பாடசாலைக்குப் போகிறேன்” என்று எழுதும் சனம்தானே நாங்கள்? அக்கரைப்பற்றுத் தமிழும் பேருவளைத் தமிழும் ஒன்றா? எந்தப் பிள்ளையாவது அதனால் குழம்பியதா?

அங்கும் அப்படித்தான். எழுத்து ஜேர்மனில் சைக்கிளுக்கு ஃபார்ராட் என்று பெயர். சுவிஸ்காரர் வேலோ என்பார். நன்றி சொல்ல பிரெஞ்சுக்காரர் மாதிரி மெர்சி என்பார்கள். சூரிச் பக்கத்தில் ஆளைக் கண்டால் க்ரூயெட்ஸி. பிள்ளை முதலில் பிடித்துக் கொள்வது இந்தப் பேச்சைத்தான். சூரிச் மாநில மக்கள் 2011 இலும் ஆர்காவ் மாநில மக்கள் 2014 இலும் வாக்களித்து, கிண்டர்கார்டனில் பேச்சு மொழியே புழங்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வேறு மாநிலங்களில் இரண்டும் கலந்து நடக்கும். முதலாம் வகுப்பில் எழுத்து தொடங்கும்போது எழுத்து ஜேர்மன் வரும்.

இதில் வீட்டுக்குள் ஒரு வேடிக்கை நடக்கும். உம்மா வகுப்புக்குப் போய்ப் படிப்பது எழுத்து ஜேர்மன். பிள்ளை தெருவிலிருந்து கொண்டு வருவது பேச்சு ஜேர்மன். “உம்மா, நீங்க பிழையாக் கதைக்கிறீங்க” என்று ஐந்து வயது மகள் திருத்த வருவாள். கோபிக்கத் தேவையில்லை, விட்டுக் கொடுக்கவும் தேவையில்லை. “இது புத்தகத்தில உள்ள மாதிரி, நீங்க சொல்றது கதைக்கிற மாதிரி” என்று சொன்னால் பிள்ளைக்கு உடனே விளங்கிவிடும். எழுத்து ஜேர்மனில் பட்டுப் பழகுவதற்கு நல்ல வழி, அந்த மொழியில் சத்தமாக வாசிக்கப்படும் கதைகளைக் கேட்க விடுவதுதான். நூலகங்களில் கதை இறுவட்டுகளும் சிறு புத்தகங்களும் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன.

வாய் திறக்காத மாதங்கள்

சேர்த்து ஒரு மாதம் போயிருக்கும். ஆசிரியை கூப்பிட்டுச் சொல்வார், பிள்ளை ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று. வீட்டுக்கு வந்தால் அதே பிள்ளை ஓயாமல் தமிழில் கதைக்கிறது. தாய்க்குத் தூக்கம் போய்விடும். ஊருக்கு அழைப்பெடுத்து அழுவாள். “ஓதிப் பார்த்துத் தண்ணி குடிக்கக் குடுங்க” என்பார் ஒருவர். “டொக்டரிட்டக் காட்டுங்க” என்பார் இன்னொருவர்.

புதிய மொழிக்குள் போடப்பட்ட சின்னப் பிள்ளைகளில் பலர் இப்படியொரு மௌன காலத்தைக் கடக்கிறார்கள். சிலருக்கு இது சில வாரம், சிலருக்கு ஆறு மாதம், அதற்கு மேலும் போகலாம். பிள்ளை சும்மா இருப்பதாக நினைக்கக் கூடாது. பார்த்துக் கொண்டும் கேட்டுக் கொண்டும் சேமித்துக் கொண்டும் இருக்கிறது. எமது வீட்டுக் குழந்தை பிறந்து ஒரு வருடம் கேட்டுக் கேட்டுத்தானே முதல் சொல்லைச் சொன்னது? அப்போது யாரும் அவசரப்படுத்தவில்லை.

மௌனமான பிள்ளை சரியாகப் போய்க் கொண்டிருக்கிறதா என்று தாய் அறிய வழியுண்டு. மற்றப் பிள்ளைகள் சப்பாத்துப் போடும்போது தானும் போடுகிறதா? கையால் காட்டித் தேவையைக் கேட்கிறதா? விளையாட்டைப் பார்த்துச் சிரிக்கிறதா? வீட்டில் பொம்மைக்குப் பக்கத்தில் இருந்து ஆசிரியை மாதிரி ஏதோ முணுமுணுக்கிறதா? இவை இருந்தால் விட்டுவிடுங்கள். வார்த்தை வரும். முதலில் வருவது தனிச் சொற்களாக இராது. “எனக்கும்”, “தா”, “வேணாம்”, “பார், பார்” என்று முழுசாகப் பாடமான துண்டுகளாக வரும். அர்த்தம் தெரியாத பாட்டு முழுவதையும் பாடும். பிறகு ஒரு நாள் அந்தத் துண்டுகளை உடைத்து வேறு மாதிரிப் பொருத்தத் தொடங்கும். அப்போது பிழை மலியும். அது பின்னடைவல்ல, பிள்ளை சொந்தமாக வாக்கியம் கட்டுகிறது என்பதன் அடையாளம்.

இக்காலத்தில் செய்யக் கூடாத ஒன்று உண்டு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் “எங்க மகன், மாமிக்கு ஜேர்மன் கதைச்சுக் காட்டுங்க” என்பது. எமது பழக்கம் அது, கெட்ட எண்ணமில்லை. ஆனால் வாய் திறக்கவே கூச்சப்படும் பிள்ளைக்கு அது மேடை ஏற்றி நிறுத்திய மாதிரி.

கவனிக்க வேண்டிய இடமும் உண்டு. பிள்ளை தமிழிலும் வயதுக்குத் தக்கபடி கதைக்கவில்லை என்றால், அல்லது முன்பு கதைத்தது குறைந்து போகிறது என்றால், அது புதிய மொழியின் வேலையல்ல. முதலில் காதைச் சோதியுங்கள். குளிர்காலத்தில் தடிமல் மாறி மாறி வரும் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் தங்கிக் கேள்வி மங்குவது சாதாரணம். கேளாத பிள்ளை எந்த மொழியையும் பிடிக்காது. நீண்ட மாதங்களாகக் கிண்டர்கார்டனில் மட்டும் முற்றாக ஊமையாகி, முகமும் இறுகி, யாரோடும் சேராமல் நின்றாலும் ஆசிரியையிடம் சொல்லிப் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். அங்கு அந்தச் சேவை பாடசாலையோடு சேர்ந்தது. அவரிடம் போகும்போது பிள்ளை தமிழில் எப்படிக் கதைக்கிறது என்பதைத் தாய் விபரமாகச் சொல்ல வேண்டும். ஒரு மொழியை மட்டும் வைத்துப் பார்த்தால் இரு மொழிப் பிள்ளையின் கணக்குத் தப்பாகிவிடும்.

முதல் நாளுக்குப் போதுமான சொற்கள்

போகும் முன் முழு மொழியையும் படிப்பித்து அனுப்ப முடியாது. தேவையுமில்லை. பத்துப் பதினைந்து சொல் இருந்தால் பிள்ளை முதல் மாதத்தைக் கடந்துவிடும். எல்லாவற்றிலும் முதலாவது, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பது. இதைச் சொல்லத் தெரியாமல் உடுப்பை நனைத்துவிட்டு, அந்த வெட்கத்தில் மறுநாள் போக மாட்டேன் என்று அழும் பிள்ளைகள் பலர். பிறகு தண்ணீர், நோகுது, வேணாம், நிறுத்து, நானும் விளையாடவா, என் பெயர் இன்னது. இவற்றைப் பாடம் மாதிரிச் சொல்லிக் கொடுக்காமல் வீட்டில் கிண்டர்கார்டன் விளையாட்டு விளையாடுங்கள். உம்மா பிள்ளையாகவும் பிள்ளை ஆசிரியையாகவும் மாறினால் இன்னும் நல்லது.

இன்னொரு வசனம் எமது பிள்ளைகளுக்கு வேண்டும்: “இது நான் சாப்பிடுவதில்லை.” அங்கு பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கேக்கும் இனிப்பும் கொண்டு வந்து பகிர்வார்கள். கரடி வடிவத்தில் வரும் மெத்தென்ற இனிப்புகளில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின். நான்கு வயதுப் பிள்ளையின் தோளில் இந்தப் பொறுப்பு முழுவதையும் ஏற்றக் கூடாது. முதல் வாரத்திலேயே தாயோ தகப்பனோ ஆசிரியையிடம் போய் என்ன சாப்பிடுவோம், என்ன சாப்பிடமாட்டோம் என்று சுமுகமாகச் சொல்லிவிட்டு, பிள்ளைக்கென்று சில இனிப்புகளை ஒரு டப்பாவில் போட்டு அவரிடமே கொடுத்து வைக்கலாம். அங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் கொசோவோ, பொஸ்னியா, துருக்கி போன்ற இடங்களிலிருந்து வந்தவர்கள். ஆசிரியைக்கு இது புதிதல்ல. உங்கள் வகுப்பிலேயே அப்படி இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கக் கூடும். அவர்களுக்கும் உங்கள் மகனுக்கும் பொதுவாயிருக்கும் ஒரே மொழி ஜேர்மன்தான் என்பதையும் கவனியுங்கள்.

வீட்டில் என்ன மொழி?

இதுதான் பெரிய வழக்கு. “வீட்டிலயும் ஜேர்மன் கதைச்சாத்தான் பிள்ளைக்குக் கெதியா வரும்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். முன்னே போய்க் குடியேறிய உறவினர் சொல்வார். சில நேரம் படித்தவர்களே சொல்வார்கள். நல்லெண்ணத்தில் சொன்னாலும் அது பிழையான ஆலோசனை.

தாய்க்குத் தெரிந்த ஜேர்மன் எவ்வளவு? “வா”, “சாப்பிடு”, “படு”, “சத்தம் போடாதே”. அந்த நாலு சொல்லில் ஒரு பிள்ளையை வளர்க்க முடியுமா? ஏன் மழை பெய்கிறது, மௌத்தாகிப் போன அப்பா எங்கே, தம்பிக்கு அடித்தது ஏன் கூடாது என்பதையெல்லாம் உடைந்த மொழியில் சொல்ல முடியாது. சொல்லாமல் விடப்படும். பிள்ளையின் மனசுக்குள் அந்த இடங்கள் வெறுமையாகக் கிடக்கும். மாறாக, தமிழில் “முந்தி”, “பிந்தி”, “நடுவில”, “அதனால”, “இருந்தாலும்” என்பவை விளங்கிய பிள்ளைக்கு ஜேர்மனில் அவற்றுக்குரிய சொல் மட்டும்தான் புதிது. கருத்து ஏற்கெனவே இருக்கிறது. முதல் மொழி பலமாக உள்ள பிள்ளை இரண்டாம் மொழியையும் பலமாகக் கட்டும் என்பதைக் கனடாவின் பேராசிரியர் ஜிம் கமின்ஸ் பல வருடமாக எழுதி வந்திருக்கிறார்.

வீட்டில் தமிழை விட்டால் ஏற்படும் நட்டத்தைக் காட்டிய ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களைப் பற்றி லிலி வோங் ஃபில்மோர் என்ற பேராசிரியை 1991 இல் எழுதினார். எவ்வளவு சின்ன வயதில் பிள்ளை புதிய மொழிக்குள் போகிறதோ அவ்வளவு வேகமாகத் தாய்மொழி கரைந்து போகிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் மனம்விட்டுக் கதைக்க ஒரு மொழியே இல்லாமல் போய்விடுகிறது என்பது அதன் சாரம். பதின்மூன்று வயதில் மகளுக்கு ஒரு கஷ்டம் வரும்போது அதை உம்மாவிடம் சொல்ல அவளுக்குத் தமிழ் இல்லை. கேட்டு விளங்கிக் கொள்ள உம்மாவுக்கு ஜேர்மன் இல்லை. ஒரே வீட்டில் இருந்து கொண்டே இது நடக்கும். ஊரிலுள்ள உம்மும்மாவோடு வீடியோவில் முகத்தைக் காட்டிக் கையசைத்துவிட்டு ஓடிவிடும் பேரப்பிள்ளையை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்!

ஆகவே வேலையைப் பிரித்துக் கொள்ளுங்கள். ஜேர்மன் கொடுப்பது கிண்டர்கார்டனும் கூட்டாளிகளும் விளையாட்டுத் திடலும். தமிழ் கொடுப்பது உம்மாவும் வாப்பாவும். தமிழை யாரும் தெருவில் வைத்துக் கொடுக்கப் போவதில்லை.

பிள்ளை கலந்து கதைக்கும். “உம்மா, என்ட ஃபிங்கன் எங்க?” என்று கேட்கும். அதில் என்ன பிழை? நாங்கள் “பஸ் மிஸ் ஆகிட்டு” என்று சொல்வதில்லையா? திட்டாமல், திருத்தாமல், முழுத் தமிழில் பதில் சொன்னால் போதும். பிள்ளை ஜேர்மனில் கேட்டாலும் நீங்கள் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். உண்மையான ஆபத்து எங்கே தொடங்குகிறது என்றால், பிள்ளைகள் தமக்குள் ஜேர்மனில் கதைக்கத் தொடங்கும்போது. மூத்தவன் ஒன்பது வயதில் போனவன். தமிழ் வாசிக்கத் தெரியும், அவனிடம் தமிழ் தங்கும். நாலு வயதில் போன தங்கச்சியிடம்தான் அது வழுக்கிப் போகும். நானா தங்கச்சியோடு எந்த மொழியில் கதைக்கிறார் என்பது உம்மாவின் மொழியை விடவும் சில வீடுகளில் பெரிய விஷயமாகிவிடுகிறது. மூத்த பிள்ளையைத் தங்கச்சிக்குத் தமிழில் கதை வாசிக்க வைப்பது இருவருக்கும் மருந்து.

தொலைக்காட்சி மொழி படிப்பிக்கும் என்று நம்பி நாள் முழுக்கப் போட்டு விடும் தாய்மாரும் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளை மொழி பிடிப்பது, தன்னைப் பார்த்துப் பதில் சொல்லும் மனிதரிடமிருந்து. பெட்டி பதில் சொல்வதில்லை. கூட இருந்து பார்த்து அதைப் பற்றிக் கதைத்தால் கொஞ்சம் பலனுண்டு, அவ்வளவே.

தமிழ், ஜேர்மன், அதோடு குர்ஆன் ஓத அரபு எழுத்து வேறா, பிள்ளையின் மூளை தாங்குமா என்று ஒரு கேள்வி வரும். மாவனல்லையிலும் கண்டியிலும் எமது பிள்ளைகள் வீட்டில் தமிழ், கடையில் சிங்களம், மத்ரஸாவில் அரபெழுத்து, பாடசாலையில் ஆங்கிலம் என்று வளர்வதைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்கலாமா? மூளைக்குச் சுமையில்லை. நேரத்துக்குத்தான் சுமை. காலை முழுதும் புரியாத மொழியைக் கேட்டுக் களைத்து வரும் பிள்ளையைப் பின்னேரமே ஓத இருத்தாமல், முதல் சில மாதங்களுக்கு ஓதலை வார இறுதிக்கு மாற்றிக் கொண்டால் பிள்ளைக்கும் உஸ்தாதுக்கும் நிம்மதி.

உம்மாவும் படிக்க வேண்டும்

வீட்டில் தமிழ் என்றால் உம்மா ஜேர்மன் படிக்கத் தேவையில்லை என்று அர்த்தமில்லை. ஆசிரியையோடு கதைக்க, கடிதம் வாசிக்க, இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரை அழைக்க மொழி வேண்டும். சட்டமும் இப்போது கேட்கிறது. 2019 முதல், அங்கு வதிவிட அனுமதியோடு வாழ்பவரின் மனைவியாக எம் நாட்டிலிருந்து செல்பவர், அவ்விடத்து மொழியில் அடிப்படையாகக் கதைக்கத் தெரிந்திருக்க வேண்டும் அல்லது வகுப்பில் பதிந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அனுமதிகளுக்கு நிபந்தனை. பிற்காலத்தில் பிரஜாவுரிமை கேட்டால், 2018 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 நிலை தேவை.

குழந்தை கையிலிருக்கும் தாய்க்கென்றே ஒரு வகுப்பு உண்டு. மூக்கி டொய்ச் என்று சொல்வார்கள். தாய், பிள்ளை இருவரையும் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆன பெயர். பல நகரங்களில் நடக்கிறது. ஓர் அறையில் தாய்மார் ஜேர்மன் படிக்க, பக்கத்து அறையில் பிள்ளைகள் விளையாட்டோடு ஜேர்மன் பழகுகிறார்கள். தாய்மாரின் பாடமும் கிண்டர்கார்டன், வைத்தியர், கடை என்று அவர்களுக்குத் தேவையானதையே சுற்றும். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்ற சாட்டு அங்கு எடுபடாது. குடும்பத்தில் இதற்கு மனமில்லாத கணவன்மாரும் இருக்கிறார்கள். மனைவி வாய் திறக்க முடியாமல் வீட்டுக்குள் இருந்தால் பிள்ளையின் எல்லாக் காரியத்துக்கும் அவர்தான் வேலையை விட்டு ஓட வேண்டும் என்பதை எடுத்துச் சொன்னால் மனம் மாறக் கூடும்.

ஆசிரியையோடு வருடந்தோறும் பெற்றோர் சந்திப்பு நடக்கும். மொழி போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்நாட்டில் நிறைய இருக்கிறார்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது மட்டும் வேண்டாம். ஏழு வயது மகன் தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்த்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. வைத்தியசாலையில் உம்மாவின் வருத்தத்தைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது அதைவிடப் பாரதூரமானது.

சரளமாகக் கதைத்தால் போதுமா?

இரண்டு வருடத்தில் பிள்ளை ஊர்ப் பிள்ளை மாதிரியே கதைக்கும். பெற்றோர் நிம்மதியாகிவிடுவார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விளையாட்டுத் திடலில் கதைக்கும் மொழி வேறு, பாடப்புத்தகத்தை விளங்கி எழுதும் மொழி வேறு. முந்தியது ஓரிரண்டு வருடத்தில் வரும். பிந்தியது வயதொத்த பிள்ளைகளுக்குச் சமமாக வர ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும் என்று கமின்ஸ் சொன்னார். மூன்றாம் நான்காம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை வசனக் கணக்கில் விழுவது இதனால்தான்.

சுவிட்ஸர்லாந்தில் இதற்கு விலை அதிகம். அநேக மாநிலங்களில் ஆறாம் வகுப்பு முடிவில், பன்னிரண்டு வயதளவில், பிள்ளைகள் வெவ்வேறு தரப் பிரிவுகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியத்துக்குப் போவோர் சிறுபான்மை. சூரிச்சில் அதற்கு அனுமதிப் பரீட்சை, பாடங்கள் ஜேர்மனும் கணிதமும். மற்றவர்கள் தொழில் பயிற்சிக்குப் போவதில் அவமானம் ஒன்றுமில்லை. அங்கு அது மதிப்பான பாதை, அதன் வழியாகவும் உயர்கல்விக்கு ஏறலாம். ஆனால் அறிவு இருந்தும் மொழி போதாமல் பிள்ளை கீழ்ப் பிரிவில் போடப்படுவது வேறு கதை. எமது ஊரில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தாய்மார் தவம் கிடப்பதை நினைத்தால் இதன் பாரம் விளங்கும்.

ஜேர்மனை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே மேலதிகப் பாட நேரம் தருகிறார்கள். டாஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். பிள்ளைக்கு அது கிடைக்கிறதா, எத்தனை வருடம் என்று சந்திப்பில் கேளுங்கள். “நன்றாகக் கதைக்கிறாளே, இனித் தேவையில்லை” என்றால், அவள் எழுதியதைக் காட்டச் சொல்லுங்கள். நூலகத்துக்கு வாரம் ஒரு முறை கூட்டிப் போங்கள். தாய்மொழியில் கதை சொல்லும் நிகழ்ச்சிகள் சில நகரங்களில் நடக்கின்றன; தமிழிலும் உண்டு. தாய்மொழி வகுப்புகளும் உண்டு. அங்குள்ள தமிழ் அமைப்புகள் நீண்ட காலமாக நடத்துகின்றன. அவற்றின் கலை நிகழ்ச்சிகள் சில எமது குடும்பங்களுக்கு ஒத்து வராமல் போகலாம். பாடத்துக்கு மட்டும் அனுப்புகிறோம் என்று நேரில் பேசி ஒழுங்கு செய்து கொள்ளலாம். தமிழ் எழுத்து கைவசப்பட அதைவிட இலகுவான வழி அங்கு கிடைப்பது கடினம்.

இனி, ஊரிலிருந்து செய்யக் கூடியது. பயணப் பொதியில் மிளகாய்த்தூளுக்கும் மாசிக்கும் கொடுக்கும் இடத்தில் நாலு கிலோவைக் குறைத்து, தமிழ்ப் படக்கதைப் புத்தகங்களையும் முதலாம், இரண்டாம் தரத் தமிழ்ப் பாடநூல்களையும் வையுங்கள். மாசி அங்குள்ள தமிழ்க் கடைகளில் வாங்கலாம். எமது பேச்சு வழக்கில் உள்ள சிறுவர் புத்தகம் கிடைப்பது அரிது. உம்மும்மாவிடம் ஒரு வேலை கொடுங்கள். கிழமைக்கு ஒரு கதை. நபிமார்களின் வரலாறோ, நரியும் காகமுமோ, தான் சின்ன வயதில் ஆற்றில் குளிக்கப் போன கதையோ. தொலைபேசியில் குரல் பதிவாக ஐந்து நிமிடம் அனுப்பட்டும். முன்பு கஸட்டில் பதிந்து ஆளிடம் கொடுத்துவிட்ட மாதிரித்தான். கதையின் முடிவில் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். பதிலைப் பிள்ளை தமிழில் பதிந்து அனுப்ப வேண்டும். முதலில் ஒரு சொல்தான் வரும், அதிலும் பாதி ஜேர்மனாக இருக்கும். உம்மும்மா விளங்கவில்லை என்று இன்னொரு முறை கேட்கட்டும்.